கலைமதியின் ஓட்டு

சேரப்பணஞ்சேரி
20-8-91

மதிப்பிற்குரிய ஷெர்லின் டீச்சர் அவர்களுக்கு,

கலைமதியின் அம்மா அம்சவல்லி எழுதுவது. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கலைமதி இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்களும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் வீட்டுக்கு வந்தபோது நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் எல்லாரும் அவள் உயரம், அதே பச்சைத் தாவணி. பார்க்க முடியவில்லை. தப்பாக நினைக்காதீர்கள்.

நீங்கள் போன பிறகு, அவளோடு படிக்கிற எதிர்வீட்டு ஜோதி இருந்து விவரம் சொன்னாள். பாதி எனக்கு முன்னமே தெரியும், கலைமதி சாப்பிடும்போதெல்லாம் இதைத்தான் பேசுவாள். நாலு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சேர்ந்து நம் ஒன்றியத்துக்கென்று ஒரு தேனீயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கொசுத்தேனீ, கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ, நாலில் ஒன்று. ஜெயித்த தேனீயை ஒன்றிய ஆபீஸ் சுவரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் வரைந்து, இதன் கூட்டைக் கொளுத்தக் கூடாது, பூக்கிற நேரம் வயலில் மருந்தடிக்கக் கூடாது என்று கீழே எழுதி வைப்பார்கள். ஆளுக்கொரு தேனீயை இரண்டு மாசம் பார்த்து நோட்டு எழுத வேண்டும், நோட்டுக் கொடுத்தவர்களுக்குத்தான் ஓட்டு. இவளுக்கு மலைத்தேனீ.

இப்போது கலைமதிக்காக எல்லாப் பிள்ளைகளும் மலைத்தேனீக்கே போடப் போகிறார்கள் என்று ஜோதி சொல்கிறாள். சுவரில் அதை வரைந்து பக்கத்தில் அவள் பெயரையும் எழுதுவார்களாம்.

டீச்சர், என் மகளைக் கொன்றது அதுதானே. ஆடி இரண்டாம் ஞாயிறு எல்லையம்மன் கோயில் இலுப்பை மரத்தடியில் பொங்கல் வைத்தோம். அடுப்புப் புகை மேலே போய், மரத்தில் இருந்த பதினோரு கூடும் கலைந்து இறங்கியது. முப்பது பேருக்கு மேல் கொட்டியது. எல்லாரும் வீங்கிக் கிடந்து எழுந்துவிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. அதைக் கொண்டுவந்து அவள் பெயருக்குப் பக்கத்தில் வரைவார்களா? நான் பஸ்ஸில் போகும்போது அந்தச் சுவரைப் பார்க்க வேண்டாமா?

வேறு ஏதாவது ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். கொசுத்தேனீ நல்லது, அது கொட்டாது. எங்கள் வீட்டுச் சுவர்ப் பொந்திலேயே இருக்கிறது. உங்கள் காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அவள் நோட்டைக் கேட்டிருந்தீர்கள். தேடிப் பார்க்கிறேன்.

இதை நேரில் சொல்லத்தான் நேற்று பஸ் ஏறினேன். பள்ளிக்கூட ஸ்டாப்பில் இறங்கினேன். மணி அடித்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் இன்லண்ட் வாங்கி எழுதுகிறேன். எங்கள் ஊரில் தபால் பெட்டி எல்லப்பன் கடை வாசலில் இருக்கிறது. கார்டு என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கிப் படித்துவிட்டுத்தான் பெட்டியில் போடுவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் தாய்,
த. அம்சவல்லி


26-8-91

அன்புள்ள அம்சவல்லி அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்பில் வைத்துப் படித்துவிட்டேன், அது என் தவறு. பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள்.

தண்ணீர் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட வேண்டாம். நாங்கள் வந்ததே தப்போ என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மலைத்தேனீக்குப் போடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளே பேசி முடிவு செய்திருக்கிறார்கள். "கலை பேசுறப்போ நாங்க சிரிச்சோம் டீச்சர், அதான்" என்று ஒரு பெண் சொன்னாள். ஜூலை மாதம் ஒவ்வொரு குழுவும் தன் தேனீக்காகப் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். மலைத்தேனீயை எடுத்துக்கொள்ள யாரும் முன்வரவில்லை. அவள் ஒருத்திதான் கை தூக்கினாள். "எல்லாரும் பயப்படுறதாலதான் அதுக்கு ஓட்டு வேணும். கொசுத்தேனீய எவன் கொளுத்தப் போறான்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

இதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும். ஆடிப் பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் அவள் என்னிடம் வந்தாள். "புகை பட்டா எறங்கி வரும்னு புஸ்தகத்துல போட்டிருக்கீது டீச்சர். எங்க ஊர்ல மரத்தடியிலதான் பொங்கல் வெப்பாங்க. இன்னா பண்றது?" என்று கேட்டாள். வீட்டில் அம்மாவிடம் சொல், அம்மா ஊரில் சொல்வார்கள் என்றேன். நானே வந்திருக்கலாம். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். பரீட்சைத் தாள் திருத்த வேண்டியிருந்தது.

அவள் உங்களிடம் சொன்னாளா, அம்மா? இல்லை, மறந்துவிட்டாளா? ஒரு குழந்தையின் தலையில் அந்தப் பொறுப்பை வைத்துவிட்டேனே என்று தினமும் நினைக்கிறேன். பதில் எதுவானாலும் எழுதுங்கள்.

ஓட்டு செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஓட்டுச் சீட்டை மடித்து ஒட்டித் தரச் சொல்லியிருந்தேன். அவள் முன்கூட்டியே ஒட்டிவிட்டதாகச் சொன்னாள். நோட்டு கிடைத்தால் அவள் ஓட்டையும் சேர்த்து எண்ணுவோம்.

அன்புடன்,
ஷெர்லின்


சேரப்பணஞ்சேரி
3-9-91

டீச்சர் அவர்களுக்கு அம்சவல்லி வணக்கம் சொல்லி எழுதுவது.

லெட்டர் வந்தது. இரண்டு முறை படித்தேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில், அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. விளையாட்டுப் பெண். மறந்திருப்பாள்.

நோட்டு கிடைக்கவில்லை. அவள் பெட்டிக்கு அவள் அப்பா பூட்டுப் போட்டுவிட்டார். சாவி அவரிடம் இருக்கிறது. அவருக்குத் தண்டலம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை என்று உங்களுக்குத் தெரியும். இப்போது ஒரு ஷிப்ட் முடிந்தால் இன்னொரு ஷிப்டும் ஓ.டி. என்று அங்கேயே இருந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்தால் அவள் தட்டு அடுக்கில் தெரிகிறது என்கிறார். தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். தட்டு இருந்த இடம் தெரிகிறது என்கிறார்.

அவள் வகுப்பில் பேசியதை எழுதியிருந்தீர்கள். வீட்டிலும் அப்படித்தான். சாயங்காலம் ஆனால் இலுப்பை மரத்துக்கு முப்பது அடி தள்ளி ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொள்வாள். அதற்கு மேல் போக மாட்டாள், அடி அளந்து கோடு போட்டு வைத்திருந்தாள். பதினோரு கூட்டுக்கும் எங்கள் தெருப் பெண்கள் பெயரை வைத்துவிட்டாள். பெரிய கூட்டுக்கு மீனம்மாள் அக்கா பெயர். ஏன்டி என்று கேட்டால், "அதுதாம்மா எல்லாத்தையும்விட பெரிசு, சத்தமும் ஜாஸ்தி" என்பாள். மீனம்மாள் அக்கா காதில் விழுந்து, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். கடைசியில் அந்த அம்மாவே தினம் கேட்க ஆரம்பித்தாள், "இன்னாடி, என் கூடு இன்னிக்கி எப்படிக் கீது?" என்று. ஓரத்தில் தனியாக இருந்த சின்னக் கூட்டுக்கு என் பெயர். "யார்கிட்டயும் பேசாம கம்முனு தொங்கினு கீதும்மா, உன்ன மாதிரி" என்றாள்.

ஊரில் கூட்டம் போட்டார்கள். எல்லப்பன்தான் கோயிலையும் பார்த்துக்கொள்வது. வருகிற வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளி, விளக்கு வைக்கும் நேரத்தில் எல்லாக் கூட்டையும் கொளுத்துவது என்று முடிவு. மூங்கில் முனையில் சாக்கு சுற்றி எண்ணெய் ஊற்றிப் பந்தம் கட்டப் போகிறார்கள். பெற்றவள் கையால் முதல் நெருப்பு வைக்க வேண்டுமாம். "உன் கோவம் தீரணும்மா" என்று எல்லப்பன் சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

மலைத்தேனீ வேண்டாம் என்று கேட்டதை மறந்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அம்சவல்லி


9-9-91

அம்சவல்லி அக்காவுக்கு,

அக்கா என்று கூப்பிடலாம் அல்லவா? எனக்கு அக்கா கிடையாது.

அவள் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படித்தான் இருக்கும் என்று எனக்குள் தெரியும். என்ன இருந்தாலும் பதினாலு வயதுப் பெண். ஊர்ப் பெரியவர்கள் காதுக்குப் போக வேண்டிய விஷயத்தை அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டு நான் தாள் திருத்தினேன். இதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை. சந்தேகமில்லாமல் தெரிந்துகொண்டது நல்லதுதான்.

நீங்கள் கேட்டபடி செய்துவிட்டேன். மலைத்தேனீயைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம். இனி மூன்று தேனீக்கள்தான். பிள்ளைகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை கரும்பலகையில் மலைத்தேனீ என்று எழுதி, அடியில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணக்கு சார் அழித்தார்.

கூட்டைக் கொளுத்தப் போவதைப் பற்றி ஒன்றிய ஆபீசுக்கு ஒரு மனு எழுதினேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். உங்கள் ஊருக்கு வந்து எல்லப்பன் அவர்களிடம் பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் எந்த முகத்தோடு பேசுவேன்? அந்தப் பெண்ணுக்குத் தேனீயைக் காட்டியதே இந்த டீச்சர்தானே என்று கேட்பார்கள்.

அக்கா, பந்தத்தைப் பிடிக்க விருப்பமில்லை என்றால் பிடிக்காதீர்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். கொளுத்தினால் அவள் வரப்போவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

அன்புடன்,
ஷெர்லின்


சேரப்பணஞ்சேரி
16-9-91

டீச்சருக்கு,

அக்கா என்றே கூப்பிடுங்கள். அப்படிக் கூப்பிடுகிற அளவுக்கு எனக்குத்தான் யோக்கியதை இல்லை.

வெள்ளிக்கிழமை கொளுத்திவிட்டார்கள்.

உடம்பு சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். மீனம்மாள் அக்கா வந்து, "எழுந்து வாடி, ஊரே நிக்குது" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஆம்பளைகள் எல்லாரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். தீப்பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். இரண்டு குச்சி அணைந்துவிட்டது. மூன்றாவது குச்சிக்கு எல்லப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். பந்தம் பிடித்துக்கொண்டது. நான் பற்ற வைத்தேனா அவர் பற்ற வைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

அவை யாரையும் துரத்தவில்லை டீச்சர். இருட்டில் நெருப்பைப் பார்த்து நெருப்பிலேயே விழுந்தன. மழை பெய்கிற மாதிரி சத்தம். கூடு அறுந்து ஒவ்வொன்றாக விழுந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள், அரிசி வெந்த மாதிரி. கடைசியில் ஓரத்துச் சின்னக் கூடு. அது எட்டவில்லை என்று இன்னொரு மூங்கிலை வைத்துக் கட்டினார்கள்.

அம்மன் கல்லின் மேலெல்லாம் தேன் வடிந்தது. பிழிந்து ஆளுக்கு ஆள் எடுத்துக்கொண்டார்கள். ஒரு டம்ளரில் ஊற்றி, "உனக்குத்தாம்மா மொதல்ல" என்று என்னிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது, என்ன செய்வேன். வீட்டில் கொண்டுவந்து மூடி வைத்திருக்கிறேன். கொட்டவும் முடியவில்லை. நாக்கில் வைக்கவும் முடியவில்லை.

கோபம் தீரவில்லை. அவற்றின் மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றே இப்போது தெரியவில்லை.

கொல்லையில் பூசணி பூத்திருக்கிறது, பிஞ்சு எல்லாம் வெம்பி விழுகிறது. மழையாலும் இருக்கலாம். கலைமதி இருந்தால் காரணம் சொல்லியிருப்பாள்.

மலைத்தேனீயை எடுத்துவிட்டீர்கள் என்று படித்தேன். நான்தான் கேட்டேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. அந்தப் பிள்ளைகளைத் திட்டாதீர்கள்.

இப்படிக்கு,
அம்சவல்லி


21-9-91

அன்புள்ள அக்காவுக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். நான் மாற்றல் கேட்டிருந்தேன், கிடைத்துவிட்டது. ஊர்ப் பக்கம், நாகர்கோவிலைத் தாண்டி. 27ஆம் தேதி ஓட்டு எண்ணிக்கை முடிந்ததும் கிளம்புகிறேன். இனி அறிவியல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். அதில் யாரையும் எங்கும் அனுப்ப வேண்டியதில்லை.

நீங்கள் என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நோட்டு கிடைத்தால், ஓட்டுக்காக வேண்டாம், எனக்காக ஒரு தடவை பார்க்கத் தருவீர்களா? அவள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும். கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

உங்கள்,
ஷெர்லின்


சேரப்பணஞ்சேரி
25-9-91

என் தங்கச்சி மாதிரி இருக்கிற ஷெர்லின் டீச்சருக்கு,

இதோடு நோட்டை வைத்து அனுப்புகிறேன்.

பெட்டிக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. நோட்டு காணாமல் போகவும் இல்லை. அவள் போன மூன்றாம் நாளிலிருந்து என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது. எழுத்துக்கூட்டி எல்லாப் பக்கமும் படித்துவிட்டேன். இருபத்தாறாம் பக்கத்தைப் பாருங்கள். ஜூலை 25 என்று போட்டு எழுதியிருக்கிறாள். "புகை ஆகாது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா எல்லப்பன் மாமாவிடம் சொல்வதாகச் சொன்னார்." அதற்கு அடுத்த நாள் ஒரே வரி. "அம்மா சொல்லிவிட்டார். பொங்கல் குளத்துப் பக்கம் வைப்பார்கள். பதினோரு கூடும் தப்பித்தது."

அவள் சொன்னாள் டீச்சர். சோறு போடும்போது சொன்னாள், நான் மாவு அரைக்கும்போது பின்னாலேயே வந்து சொன்னாள். நானும் எல்லப்பன் கடைக்குப் போனேன். பெஞ்சில் நாலைந்து ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னாமா, இன்னா வோணும்?" என்று கேட்டார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போயிருந்தேன். இந்த வருஷம் முதல் பொங்கல் முறை எங்கள் வீட்டுக்கு. எங்கள் மாமனார் காலத்திலிருந்து மரத்தடியில், அம்மன் முகம் பார்த்துத்தான் வைப்பது. பள்ளிக்கூடத்துப் பெண் சொன்னாள், அடுப்பை மாற்றுங்கள் என்று நான் சொன்னால் அத்தனை பேரும் சிரிப்பார்கள். முறையை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் பயம். "கால் கிலோ வெல்லம்" என்றேன். வெல்லம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். "சொன்னியாம்மா?" என்றாள். "சொல்லிட்டேன்டி, குளத்தாண்ட வெச்சுக்கலாம்னு சொல்ட்டாரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குளத்துப் பக்கம் போய் எங்களைத் தேடியிருக்கிறாள். முந்தின நாள் மழை. விறகு ஈரம். அடுப்பு பிடிக்கவில்லை என்று நான் தென்னை மட்டையைத் திணித்து ஊதிக்கொண்டிருந்தேன். முதல் அடுப்பு என்னுடையது. புகை அத்தனையும் என் அடுப்புப் புகை. அவள் ஓடி வந்து நின்று, "இன்னாம்மா, குளத்தாண்டன்னு சொன்னியே" என்றாள். அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டாள்.

அதற்குள் தேனீ இறங்கிவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். எனக்குக் கால் வரவில்லை. அவள் தாவணியை உருவிப் பொங்கல் தண்ணீர்க் குடத்தில் முக்கி என் தலையோடு சுற்றினாள். "ஆடாத, ஆடாதம்மா, கம்முனு இரு" என்றாள். நான் கம்மென்றுதான் இருந்தேன். ஈரத் துணிக்குள்ளே எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு ஏழு கொட்டு. எண்ணிச் சொன்னார்கள். அவளை எண்ணவில்லை. ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸை நிறுத்தி ஏற்றினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவள் தலை என் மடியில்.

இதை அவள் அப்பாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. மலைத்தேனீ ஜெயித்தால் விழாவில் அவள் நோட்டைப் படிப்பீர்கள் என்று ஜோதி சொன்னாள். அந்தப் பயத்தில்தான் மலைத்தேனீ வேண்டாம் என்று எழுதினேன். மற்றதெல்லாம் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் வந்தது அந்தப் பயம்தான்.

நீங்கள் அவளிடம் சரியாகத்தான் சொல்லி அனுப்பினீர்கள். அவளும் சரியாகத்தான் கொண்டுவந்து சேர்த்தாள். என்னிடம் வந்துதான் நின்றுபோனது. அறிவியலை விடாதீர்கள். உங்கள் தப்பு இதில் நெல்முனை அளவும் இல்லை.

கடைசிப் பக்கத்தில் ஓட்டுச் சீட்டை மடித்து ஒட்டி வைத்திருக்கிறாள். நான் பிரிக்கவில்லை. பிரிக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது. அவள் எதற்குப் போட்டிருந்தாலும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேரில் கொடுக்க இன்று காலையிலும் கிளம்பினேன். மே மாசம் குண்டு வெடித்ததிலிருந்து இந்த ரோட்டில் பஸ்ஸை நிறுத்திப் பார்க்கிறார்களே, இன்றும் நிறுத்தினார்கள். ஒரு போலீஸ்காரர் பையைத் திறந்து நோட்டை எடுத்துப் புரட்டினார். பூ, தேனீ எல்லாம் வரைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "யாரு உன் பொண்ணா? நல்லா வரைஞ்சிருக்கா" என்றார். "ஆமாங்க" என்றேன். அதற்கு மேல் போக முடியவில்லை. அங்கேயே இறங்கிவிட்டேன். ஒரகடம் போய் ரிஜிஸ்டர் தபாலில் போடுகிறேன். இரண்டு நாளில் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

மன்னியுங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை.

அம்சவல்லி


(தபால் கார்டு)

சேரப்பணஞ்சேரி
17-10-91

ஷெர்லின் டீச்சருக்கு,

ரிஜிஸ்டர் திரும்பி வந்துவிட்டது. ஆள் மாற்றலாகிப் போய்விட்டார் என்று மேலே எழுதியிருந்தது. நீங்கள் ஒரு நாள் முன்னாலேயே கிளம்பிவிட்டீர்கள் என்று ஜோதி சொன்னாள். நாகர்கோவில் பக்கம் என்ன ஊர் என்று பள்ளிக்கூடத்தில் கேட்கச் சொன்னேன். தெரிந்தவர் லீவில் இருக்கிறாராம். இந்தக் கார்டைப் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடுகிறேன். யாராவது அனுப்பி வைத்தால் உண்டு.

ஓட்டில் கொசுத்தேனீ ஜெயித்தது. பட்டியலில் இல்லாத மலைத்தேனீயின் பெயரை இருபத்திரண்டு பிள்ளைகள் சீட்டில் எழுதியிருந்தார்களாம். செல்லாது என்று தள்ளிவிட்டார்கள். சுவரில் வரைந்தாயிற்று. பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி மாதிரித்தான் தெரிகிறது.

கலைமதியின் சீட்டு ஒட்டியபடியே என்னிடம் இருக்கிறது.

இன்லண்டில் எழுதாமல் தெரிந்துதான் கார்டில் எழுதுகிறேன். எல்லப்பன் கடை பெஞ்சில் இருப்பவர்கள் வாங்கிப் படிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் படிக்கட்டும். அவள் அப்பாவிடம் யார் போய்ச் சொன்னாலும் சொல்லட்டும். நான் கடை வாசலில் நின்றுகொண்டுதான் இருப்பேன்.

டீச்சர், கலைமதி வீட்டில் சொன்னாள். நான்தான் ஊரில் சொல்லவில்லை.

அம்சவல்லி